செம்மண் பூங்காவில் பாதை மாற்றிய கணக்கு

இந்தக் கார்த்திகை மழைக்கு எங்கள் பூங்காப் பாதை கரையவில்லை. ஓர் இரவில் எங்கள் மழைமானியில் 90 மில்லிமீட்டருக்கு மேல் நின்றது. காலையில் போய்ப் பார்த்தால், பாதையின் ஓரத்தில் சருகு கோடு கோடாக ஒதுங்கியிருந்தது, அவ்வளவுதான். மண் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் இதே பூங்காவில், பாதை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் இடுப்பளவு பள்ளம். அதைச் சரிசெய்ய என்ன செய்தோம், எது வீணானது, எவ்வளவு செலவானது என்று எழுதிவைக்கிறேன். செம்மண் மேட்டில் சின்னக் காடு வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிக்கு வடமேற்கே வானூர் பக்கத்துச் செம்மண் மேடு. ஊர் முடிகிற இடத்தில் ஐந்து ஏக்கர் காடு. நடுவில் பழைய கருங்காலி, வீரை, நெக்கொட்டை, காயா. ஓரங்களில் பிற்பாடு யாரோ நட்ட கத்திச்சவுக்கு. உயரமான காடெல்லாம் இல்லை. இலைகள் தடித்து, கருத்து, கோடையிலும் உதிர்ந்து மொட்டையாகாத குட்டை மரங்கள். சோழமண்டலக் கரையில் ஒருகாலத்தில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் இது. முழுசாகப் பார்க்கவேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போகவேண்டும்; எங்களுடையது அதன் கிழிசல் துண்டு.

இந்த மேட்டு மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. அடியில் கடலூர் மணற்பாறை (திருவக்கரையில் கல்லாய்ப்போன மரங்கள் கிடப்பதும் இதே பாறையில்தான்), மேலே செம்மண். கோடையில் கடப்பாரை போட்டாலும் 'டங்' என்று சத்தம் வரும். அதனால் இதைக் கெட்டியான மண் என்று நினைத்துவிடுவோம். சருகில்லாமல் வெறுமனே கிடக்கும் செம்மண்ணில் மழைத்துளி விழுந்தால் மேல்தோல் மெழுகினதுபோல் அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடும். ஓடினால் அரிக்கும். ஆரோவில் இருக்கிற மேடும் இதே மண்தான். 1968-ல் அங்கே வந்தவர்கள் மரம் நட்ட கையோடு வரப்பும் தடுப்பும் போட்டதற்குக் காரணம் இந்த அரிப்புதான். பொம்மையார்பாளையம் பக்கம் போனால் தடுப்பில்லாத செம்மண் என்னவாகும் என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

எங்கள் பூங்காவில் வாசல் மேற்கே, மேட்டில். குட்டை கிழக்கே, பள்ளத்தில். வாசலிலிருந்து குட்டைக்கு நேர்கோடாக ஒரு பாதை போட்டிருந்தார்கள். நீளம் 140 மீட்டர். வாசலுக்கும் குட்டைக்கரைக்கும் உயர வித்தியாசம் 9 மீட்டர். அதாவது நூறு அடிக்கு ஆறரை அடி இறக்கம். நடக்கிறவனுக்கு இது ஒன்றுமே இல்லை, தண்ணீருக்கோ நல்ல வேகம். 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று கொட்டியபோது, 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், பாதையின் கீழ் 40 மீட்டர் காணோம். ஒன்றரை மீட்டர் அகலம், ஆழமான இடத்தில் 85 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் வேர்கள் அந்தரத்தில் தொங்கின. அங்கிருந்த மண்ணெல்லாம் குட்டைக்குள்.

முதலில் நிரப்பினோம்

பள்ளம் என்றால் மண் கொட்டவேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். மாசி மாதத்தில் மூன்று யூனிட் டிப்பரில் நான்கு லோடு கிராவல் இறக்கினோம். லோடு 6,500. ஜேசிபி நான்கு மணி நேரம், மணிக்கு 1,300. மொத்தம் 31,200 ரூபாய். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் கொடுத்த நன்கொடை அது. ஜேசிபி உள்ளே வருவதற்காகச் சில கிளைகளை வெட்டவேண்டியிருந்தது. திரும்புகிறபோது வாளி இடித்து ஒரு கருங்காலியில் இரண்டு அடிக்குப் பட்டை உரிந்துபோனது. இன்னும் அந்த மரத்தைப் பார்த்தால் ஜேசிபி மேல் கோபம் வருகிறது.

பாதை பார்க்க அழகாக இருந்தது. படம் எடுத்துப் போட்டோம், பாராட்டினார்கள். வைகாசியில் ஒரு கோடைமழை. ஒரு மணி நேரம் இருக்கும். புதிதாகக் கொட்டின மண், பழைய மண்ணைவிடச் சுலபமாகக் கரைந்தது. பாதி கிராவல் குட்டையில் போய் விசிறிபோல் படிந்தது. பள்ளத்தின் மேல்முனை, முன்பு இருந்த இடத்திலிருந்து வாசல் பக்கமாக இன்னும் சில மீட்டர் ஏறியிருந்தது. பள்ளம் கீழே போவதில்லை, மேலே ஏறுகிறது என்பதை அன்றுதான் சரியாகக் கவனித்தோம். அதன் தலையில் தண்ணீர் அருவியாக விழுந்து அடிமண்ணைக் குடைகிறது, மேல்மண் சரிகிறது, தலை ஓர் அடி பின்னால் போகிறது. அடியில் எவ்வளவு நிரப்பினாலும் தலை நிற்காது.

மழையில் நின்று பார்த்தது

அடுத்த மழைக்குக் குடையோடு உள்ளே போய்விடுவது என்று நாங்கள் மூன்று பேர் பேசிவைத்துக்கொண்டோம். கையில் பழைய சேலைக் கிழிசல்கள் கட்டின குச்சிகள். எங்கே பாதைக்குள் தண்ணீர் நுழைகிறதோ அங்கே சிவப்பு, எங்கே வெளியேறுகிறதோ அங்கே மஞ்சள். இந்த வேலைக்கு ஒரு பைசா செலவில்லை. மொத்த வேலையில் அதிகம் பயன்பட்டதும் இதுதான்.

சிவப்புக் குச்சி தீர்ந்துபோனது. மஞ்சள் ஒன்றுகூட நடவில்லை. வாசலுக்கு வெளியே சிமென்ட் ரோடு போட்டபோது உயரம் ஏற்றிவிட்டார்கள். ரோட்டுத் தண்ணீர் நேராக வாசல் வழியே உள்ளே இறங்குகிறது. இது முதல் வரவு. அப்புறம் பாதை தினமும் கூட்டப்படுவதால் சருகே இல்லாமல் வழவழவென்று கிடக்கிறது, ஆகவே பாதையில் விழுகிற மழையும் அதிலேயே ஓடுகிறது. வருஷக்கணக்காக மிதிபட்டு, பாதை இரண்டு பக்கத் தரையைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்தது. உள்ளே வந்த தண்ணீர் குட்டை வரைக்கும் வெளியே போக வழியே இல்லை.

நூறு நாள் வேலையில் வரப்புப் போட்ட பழக்கமுள்ள ஓர் அக்கா அன்று கூட வந்திருந்தார். எங்கள் குச்சிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "தண்ணி போற வழியிலதான் தம்பி நீங்க நடக்குறீங்க. அது வேற எங்க போவும்?" என்றார். "அப்ப என்னக்கா பண்றது?" என்று கேட்டதற்கு, "நீங்க வேற வழியில நடங்க" என்றார். பிறகு நாங்கள் படித்ததும், கேட்டதும், அளந்ததும் எல்லாம் இந்தப் பதிலைச் சுற்றியே இருந்தன. சரிவின் போக்கிலேயே நேராக இறங்கும் பாதையைக் காப்பாற்ற முடியாது. மலைப்பாதை போடுகிறவர்களிடம் ஒரு விதி உண்டு: தரை எவ்வளவு சரிகிறதோ அதில் பாதிக்கு மேல் பாதை சரியக்கூடாது. எங்கள் தரை ஆறரை சதவீதம், ஆகவே பாதை மூன்று சதவீதம். 9 மீட்டர் இறங்க 300 மீட்டர் பாதை வேண்டும். 140 மீட்டர் நேர்ப்பாதையைக் கைவிட்டு, மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து 300 மீட்டர்.

வாசலில் ஒரு மேடு

உள்ளே கைவைக்கும் முன் ரோட்டுத் தண்ணீரை நிறுத்தினோம். வாசலுக்குக் குறுக்கே வேகத்தடைபோல ஒரு சிமென்ட் மேடு, உயரம் 15 சென்டிமீட்டர், தெருக்கால்வாய்ப் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து. நாலு மூட்டை சிமென்ட் 1,600, எம்சாண்டும் ஜல்லியும் 2,600, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் 1,800. ஆறாயிரம் ரூபாயில் பிரச்சினையில் பாதி வெளியேயே நின்றுவிட்டது. சக்கர நாற்காலியில் வருகிற ஒருவருக்காக இரண்டு பக்கமும் சரிவை நீட்டிப் பூசச் சொன்னோம். மேட்டின் மொத்த அகலம் ஒன்றரை மீட்டர் ஆயிற்று.

மட்டம் பிடித்தது

மூன்று சதவீதம் என்று சொல்வது சுலபம். காட்டுக்குள் கண்ணால் பார்த்து அதைப் பிடிக்கவே முடியாது. மரங்களும் நிழலும் சரிவை மறைத்துவிடும். இறங்குவதாக நினைக்கிற இடத்தில் ஏறிக்கொண்டிருப்போம். முதலில் கொத்தனாரின் டியூப் லெவலை வாங்கிப் பார்த்தோம். பத்து மீட்டர் தெளிவான டியூப், தண்ணீரில் இரண்டு சொட்டு துணிக்குப் போடும் நீலம். வெட்டவெளியில் அருமையான கருவி. காட்டுக்குள்ளோ, மரத்தைச் சுற்றி இழுக்கிறபோதெல்லாம் ஒரு முனையில் தண்ணீர் வழியும், நடுவில் காற்றுக் குமிழி நிற்கும். குமிழி இருந்தால் அளவு தப்பு. வாசலுக்கும் குட்டைக்கும் மொத்த உயர வித்தியாசம் எடுக்க மட்டும் அதை வைத்துக்கொண்டோம்.

பாதை குறிக்கக் கைகொடுத்தது மூங்கில் முக்கோணம். இரண்டேகால் மீட்டர் நீள மூங்கில் இரண்டை உச்சியில் கட்டி, கால்களை 2 மீட்டர் விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கழி. உச்சியிலிருந்து ஒரு நூல், நூல் முனையில் கல். முதலில் இதற்கு நடுக்கோடு கண்டுபிடிக்கவேண்டும். இரண்டு காலும் நிற்கிற இடத்தில் ஆப்பு அடித்து, நூல் குறுக்குக் கழியைத் தொடுகிற இடத்தைக் குறித்துக்கொண்டோம். பிறகு கால்களை இடம் மாற்றி அதே ஆப்புகளில் வைத்து, மறுபடி குறித்தோம். இரண்டு குறிக்கும் நடுவில் இருப்பது மட்டக்கோடு. காற்றடித்தால் நூல் ஆடும். சின்னக் கல்லை எடுத்துவிட்டு ஒரு பெரிய போல்ட்டைக் கட்டியதும் அடங்கியது.

இனி மூன்று சதவீதம். கால் இடைவெளி 2 மீட்டர் என்றால் 6 சென்டிமீட்டர் இறங்கவேண்டும். 6 சென்டிமீட்டர் உயரக் கட்டையை முன்காலின் அடியில் ஆணியடித்துவிட்டோம். முன்கால் கீழே, பின்கால் மேலே வைத்து, நூல் நடுக்கோட்டில் நின்றால் தரை சரியாக மூன்று சதவீதம் இறங்குகிறது என்று அர்த்தம். கணக்குப் போடவே வேண்டாம். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் அரை நாளில் இதை எங்களைவிட நன்றாகச் செய்தான். ஒருவர் முக்கோணத்தைப் பிடிக்க, ஒருவர் நூலைப் பார்க்க, இன்னொருவர் குச்சி நட்டுக்கொண்டே வந்தார்.

குச்சிகளை நட்டு முடித்த பிறகு தூரத்தில் நின்று பார்த்தால் பாதை கோணல்மாணலாக இருந்தது. அதை வளைவுகளாக மிருதுவாக்கினோம். பெரிய மரங்களிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி. காயா கூட்டங்களை வெட்டக்கூடாது என்பதால் இரண்டு இடத்தில் பாதை பின்வாங்கியது. சரிவு அங்கே நாலு சதவீதம் ஆயிற்று. ஆகட்டும் என்று விட்டோம்.

இதில் முக்கியமான ஒன்று: மூன்று சதவீதம் ஒரே சீராக 300 மீட்டர் இறங்கினாலும் தண்ணீர் கடைசி வரைக்கும் ஓடும். அதனால் சுமார் இருபது மீட்டருக்கு ஒரு முறை, பாதையை இரண்டு மூன்று மீட்டருக்கு லேசாக ஏற்றிவிட்டு மறுபடி இறக்கினோம். ஏறுகிற இடத்துக்கு முன்னால் பாதை ஒரு சின்னத் தொட்டில்போல் தாழும். தண்ணீர் அங்கே வந்து, மேலே ஏற முடியாமல், பக்கவாட்டில் காட்டுக்குள் இறங்கிவிடும். நடக்கிறவர்களுக்கு அந்த ஏற்றம் தெரியவே தெரியாது. அக்கா இதைப் பார்த்துவிட்டு, "வரப்புல மடை விடுற மாதிரிதான்" என்று முடித்துவிட்டார்.

வெட்டியது

பாதை அகலம் 90 சென்டிமீட்டர். இதற்கு மேல் வைத்தால் காடு திறந்துகொள்ளும், வெயில் விழும், களை வரும். மேட்டுப்பக்கம் மண்வெட்டியால் சீவி, பள்ளப்பக்கம் இழுத்துப்போடாமல், அந்த மண்ணைப் பாண்டில் அள்ளிப் பழைய பள்ளத்துக்குக் கொண்டுபோனோம். இழுத்துப்போட்டால் பள்ளப்பக்க ஓரத்தில் வரப்பு உண்டாகும். தண்ணீர் மறுபடியும் பாதைக்குள் சிறைப்பட்டுவிடும். பாதையை வெளிப்பக்கமாக நூறுக்கு ஐந்து சாய்க்கவேண்டும்: 90 சென்டிமீட்டருக்கு நாலரை சென்டிமீட்டர். இதற்கும் ஒரு கட்டை. 90 சென்டிமீட்டர் பலகையின் ஒரு முனையில் நாலரை சென்டிமீட்டர் துண்டை அடித்து, மேலே ரசமட்டம் வைத்தால் போதும். வெட்டுகிறவர்கள் முதலில் பாதையை மட்டமாகத்தான் வெட்டுவார்கள். கை பழக்கம் அப்படி. பலகையை வைத்துக் காட்டிய பிறகுதான் சாய்வு வந்தது.

விரல் தடிமனுக்கு மேலான எந்த வேரையும் வெட்டவில்லை. வேர் குறுக்கிட்ட இடத்தில் அதன் மேலேயே மண் அணைத்தோம். இதனால் ஒரு ஆள் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் முடித்தார். ஆடி, ஆவணி இதிலேயே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களும் வெட்டினோம் என்றாலும், கூலிக்கு வந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிப்பது எங்களுக்கு அரை நாள் ஆகும். கொப்புளம் வேறு.

பழைய பள்ளம்

புதுப்பாதை ஆனதும் பழையதை முழுசாக நிரப்பவில்லை. மிச்சம் தானாக நிரம்பட்டும் என்று தடுப்பு போட்டோம். கத்திச்சவுக்கு மரங்கள் புயலில் விழுந்து கிடந்தன. 2011 தானே புயலிலும் இந்த வட்டாரத்தில் வரிசை வரிசையாகச் சாய்ந்தவை இவைதான். வேகமாக வளர்கிற மரத்துக்கு வேர்ப்பிடிப்பு போதாது. சாய்ந்தவற்றைச் செயின்சா வாடகைக்கு எடுத்து, ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவான தடிமனில் கட்டைகளாக அறுத்துப் பள்ளத்துக்குக் குறுக்கே பதித்தோம்.

இடைவெளிக்கு ஒரே கணக்குதான். கீழ்க்கட்டையின் தலை, மேல்கட்டையின் அடியோடு ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். கட்டை தரைக்கு மேல் 25 சென்டிமீட்டர் நின்றால், எங்கள் சரிவுக்கு நாலு மீட்டருக்கு ஒன்று. நாற்பது மீட்டருக்குப் பத்துக் கட்டை. இரண்டு கரையிலும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் குடைந்து கட்டையின் முனைகளைச் செருகவேண்டும். கரையைக் குடையச் சோம்பல்பட்டால் தண்ணீர் கட்டையைச் சுற்றிக்கொண்டு கரையை அரிக்கும். கட்டையின் நடுவில் கையகல ஆழத்துக்கு ஒரு வெட்டு, தண்ணீர் நடுவிலேயே வழிய. வழிகிற தண்ணீர் விழும் இடத்தில் செம்புரான் கல் உடைசல், இரண்டு அடி நீளத்துக்கு. கல் ஒரு டிராக்டர் லோடு 3,500.

பள்ளத்தின் தலைக்குத்தான் கல்லில் பெரும்பகுதி போனது. செங்குத்தாக நின்ற விளிம்பை மண்வெட்டியால் சீவி, ஓர் அடி உயரத்துக்கு மூன்று அடி நீளமாகச் சாய்த்து, அடியில் பொடிச் சரளை பரப்பி, மேலே பெரிய கல்லாக அடுக்கினோம். பொடிச் சரளை இல்லாமல் கல்லை நேராக மண் மேல் வைத்தால், கல் இடுக்கில் தண்ணீர் புகுந்து அடிமண்ணை உறிஞ்சிவிடும். கொஞ்ச நாளில் கல்லெல்லாம் தொங்கும்.

யூரியா சாக்கில் மணல் கட்டி அடுக்குகிறார்களே, அது வேண்டவே வேண்டாம். பங்குனியில் குட்டை ஓரத்தில் சில சாக்குகள் வைத்துப் பார்த்தோம். வெயிலில் சாக்கு நைந்து, ஆடிக்குள் நூல் நூலாகப் பிரிந்தது. அந்தப் பிளாஸ்டிக் நூலை இன்றைக்கும் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

நட்டது

கரைக்கு வெட்டிவேர் என்று எல்லோரும் சொல்வார்கள். நாங்களும் நட்டோம். வெட்டிவேர் வெயில் கேட்கிற செடி. குட்டை ஓரத்தில், திறந்த இடத்தில் நட்டது நன்றாகப் பிடித்தது. மர நிழலில் நட்டது வெளிறி, மெலிந்து, கார்த்திகைக்குள் முக்கால்வாசி போய்விட்டது. காட்டுக்குள் எங்களுக்குக் கைகொடுத்தது மருள். கத்திபோல் நிமிர்ந்து நிற்கும், நார் எடுப்பார்களே, அதுதான். நிழலும் வறட்சியும் அதற்குப் பொருட்டே இல்லை. தண்டு மண்ணுக்கடியில் ஊர்ந்து புதுக் குருத்து விட்டுக்கொண்டே போகும். பூங்காவின் வடக்கு மூலையில் அடர்ந்து கிடந்ததில் கொஞ்சம் கிளறி எடுத்து, கட்டைகளின் முனைகள் கரைக்குள் போகிற இடங்களில் நட்டோம். காசு செலவில்லை.

பள்ளத்துக்குள் குழி வெட்டக்கூடாது. ஒன்றரை அடிக் குழி என்பது மண்ணை இளக்கிவிடுகிற வேலை. கடப்பாரையால் ஓட்டை போட்டு, சிறு நாற்றாகச் செருகினோம். வீரை, நெக்கொட்டை, காயா, நாவல், கொஞ்சம் பாலை. நாற்று முப்பது ரூபாய், நூற்றிருபது நாற்று. பாலை மட்டும் பொறுமையைச் சோதிக்கும். இப்போதைக்கு அது வளர்கிறதா, நிற்கிறதா என்றே தெரியாது.

கூட்டுமாறும் நடப்பவர்களும்

வேலையில் கடினம் மண்ணில் இல்லை, ஆட்களில்தான். தினமும் காடு முழுக்கச் சருகைக் கூட்டி எரிக்கிற வழக்கத்தை நிறுத்தச் சொன்னபோது, "பாம்பு வருமே" என்றார்கள். நியாயமான பயம். 90 சென்டிமீட்டர் பாதையில் மட்டும், கால் தெரிகிற அளவுக்குச் சருகைப் பள்ளப்பக்கமாக ஒதுக்குவது, மற்ற இடத்தில் தொடவே கூடாது என்று ஒப்பந்தம். ஒதுக்குகிற சருகும் ஓரத்தில் குவியலாக நிற்கக்கூடாது. நின்றால் அதுவே வரப்பு. புரட்டாசியில் ஆறுமணிக்குருவி வந்து அந்தச் சருகைக் கிளறிக்கொண்டு திரிந்தது எங்கள் வாதத்துக்குப் பெரிய பலம். குருவியைப் படம் எடுக்க வந்தவர்கள் சருகின் பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

இன்னொன்று குறுக்குவழி. நூற்று நாற்பது மீட்டரில் போன இடத்துக்கு முந்நூறு மீட்டர் நடக்கச் சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? அத்தனைக்கும் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள்! கூடுதலாக நடப்பதற்காகவே வருகிறவர்கள் வளைவுகளில் குறுக்கே வெட்டிப்போனார்கள். பலகை எழுதிவைத்தோம், பயனில்லை. சூரை முள்ளை வெட்டிவந்து வளைவின் உள்பக்கத்தில் போட்டோம். முள் கொக்கிபோல் வளைந்திருக்கும், வேட்டியைப் பிடித்தால் விடாது. ஒரு வாரத்தில் குறுக்குவழி நின்றது. இப்போது அங்கே களாச்செடி நட்டிருக்கிறோம், முள்ளுக்கு முள், பழத்துக்குப் பழம்.

மழை வந்தபோது

ஐப்பசி மழையில் மறுபடி குடையோடு போனோம். வாசல் மேடு ரோட்டுத் தண்ணீரை முழுசாகத் திருப்பியது. பாதையின் தொட்டில்களில் பெரும்பாலானவை வேலை செய்தன. இரண்டு செய்யவில்லை: ஒன்றில் சருகு அடைத்துக்கொண்டது, இன்னொன்றில் ஏற்றத்தைக் கஞ்சத்தனமாக வைத்திருந்தோம், தண்ணீர் அதைத் தாண்டிவிட்டது. அன்றைக்கே மண்வெட்டியால் அரை அடி உயர்த்தினோம். பழைய பள்ளத்தில் கட்டைகளுக்குப் பின்னால் மார்கழிக்குள் ஒரு சாண் வரைக்கும் வண்டல் நின்றது. ஆறாவது கட்டை மட்டும் தெற்குக் கரையில் அரிக்கப்பட்டது. அங்கே கரைக்குள் வேர் இருந்ததால் ஆழமாகச் செருகவில்லை. குட்டைத் தண்ணீர் இந்த முறை டீ நிறத்தில் இருந்தது. போன வருஷம் அது செங்கல் நிறம்.

செலவு

வாசல் மேடு 6,000. பாதை வெட்டிய கூலி சுமார் 18,000. கட்டை பதித்த கூலியும் செயின்சா வாடகையும் 6,600. கல் 3,500. நாற்று 3,600. டியூப், நூல், ஆணி வகையில் ஒரு 300. ஆக 38,000 ரூபாய். முதலில் குட்டைக்குள் போன 31,200-ஐயும் சேர்த்தால் எழுபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. குட்டையில் படிந்த கிராவலைத் திரும்ப அள்ளுவதற்கு இன்னும் கை வைக்கவில்லை. அதற்கு ஜேசிபி கூப்பிடப்போவதில்லை என்பது மட்டும் தீர்மானம். சித்திரையில் தண்ணீர் வற்றினதும் பாண்டில் அள்ளி, பாதையின் தேய்ந்த இடங்களுக்கு மேல்பூச்சாகப் போடலாம் என்று இருக்கிறோம்.

அடுத்த முறை வேறு இடத்தில் செய்வதாக இருந்தால், வேலையை ஆனியிலேயே தொடங்குவேன். ஆவணி கடைசியில் வெட்டி முடித்த பகுதி கால்பட்டு இறுகுவதற்குள் மழை வந்துவிட்டது. அந்த எழுபது எண்பது மீட்டரில்தான் இப்போதும் செருப்புத் தடம் பதிகிறது. தொட்டில்களை இருபது மீட்டருக்குப் பதில் பதினைந்து மீட்டருக்கு ஒன்றாக வைப்பேன், ஏற்றத்தையும் தாராளமாக. கத்திச்சவுக்குக் கட்டையைக் கறையான் இப்போதே ருசி பார்க்கத் தொடங்கிவிட்டது. மூன்று வருஷம் தாங்கினால் மருளும் வீரையும் அதற்குள் பிடித்துக்கொள்ளும். ஆறாவது கட்டை அவ்வளவு நாள் காத்திருக்காது. அதை எடுத்துவிட்டு, வேரைச் சுற்றிக் கல்லாலேயே தடுப்பு கட்டவேண்டும். அதற்கு அரை லோடு செம்புரான் கல் சொல்லிவைத்திருக்கிறேன், அறுவடை முடிந்து டிராக்டர் கிடைக்கவேண்டும்.